களப்பதிவு எந்தக் கணினியில் உறங்குகிறது?

நீலகிரியில் கோத்தர் ஊர் ஒன்றில் பகல் முழுதும் ஒலிப்பதிவு செய்துவிட்டுக் கோத்தகிரி விடுதிக்குத் திரும்பும் ஆய்வு மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அன்றைய பதிவுகள் கைப்பேசியில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுத்துப்பெயர்க்கும் மென்பொருளும் பெரிய வட்டும் பெங்களூரில், யஷ்வந்தபுரத்து வாடகை வீட்டின் மேசைக் கணினியில் உள்ளன. இரண்டிலும் இணையம் உண்டு. ஆயினும் கைப்பேசியால் அந்தக் கணினியை எட்ட முடிவதில்லை. இறுதியில் பதிவுகள் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்திற்குப் போய்ச் சேருகின்றன. ஏன் என்று கேட்டால், "வீட்டில் ஃபயர்வால் தடுக்கிறது, வேறு வழியில்லை" என்ற விடை வருகிறது. இந்த விடையின் இரு பகுதிகளும் பிழை.

ஃபயர்வால் தன் கடமையைத்தான் செய்கிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் தொடர்பையும் அதற்கு வரும் மறுமொழியையும் அது விடுகிறது. அழைக்காமல் வெளியிலிருந்து வருவதை மறுக்கிறது. தெரிந்தவர் வந்தால் எந்த வாயிலைத் திறப்பது என்று வீட்டு ரவுட்டரில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும் என்பதே பழைய முறை. பாம் பைலட் காலத்தில் கையடக்கக் கருவியை வலைவழி ஒத்திசைக்க விரும்பியோர் 14238 என்ற எண்ணுடைய போர்ட்டைத் திறந்துவைத்தார்கள், வேலை முடிந்தது.

இன்று அந்த வரியை எழுதினாலும் பயனில்லாத வீடுகள் ஏராளம். ஐபிவி4 முறையில் உலகிற்கே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்குரிய பங்கு அவ்வாண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதியை எட்டியது. அதன்பின் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அந்த வீட்டிற்குத் தனி வாசல் இல்லை என்று பொருள். 2012இல் இப்பங்கீட்டிற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அடுக்குமாடியின் முகவரி உண்டு, வீட்டு எண் இல்லை. கடிதம் யாரிடம் போகும்? பழி ஃபயர்வாலின் மீது விழுகிறது. வீட்டு எண் பறிபோனதை யாரும் கவனிப்பதில்லை.

மொழியியலாளருக்கு இது பொறியாளரின் சிக்கல் என்று ஒதுங்கும் உரிமை இல்லை. தோடர், கோத்தர் போன்ற சிறு சமூகங்களில் சாவுச் சடங்கின் பாடலைப் பதிவுசெய்ய ஒரு மூதாட்டி இசைவு தருகிறார் எனில், எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்கே அவர் அதைத் தருகிறார். 1930களில் எமனோ நீலகிரியில் எழுதிய குறிப்பேடு அவர் பெட்டியில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட முடிந்தது. இன்றைய ஆய்வறநெறிப் படிவத்தில் "தரவு எங்கே சேமிக்கப்படும்?" என்ற கேள்விக்குக் "கடவுச்சொல் இட்ட கணினியில்" என்று எழுதப்படுகிறது. கைப்பேசியோ அன்றிரவே தானாக வேறெங்கோ அனுப்பிவிடுகிறது. படிவத்தில் எழுதியது பொய்யாகிவிட்டதை எழுதியவரே அறிவதில்லை.

வழி இருக்கிறது. இரு கருவிகளும் உள்ளிருந்து வெளியே சென்று ஒரு பொதுவிடத்தில் ஒன்றன் முகவரியை மற்றொன்று அறிந்துகொண்டு, ஒரே வேளையில் பரஸ்பரம் தட்டினால், பல ஃபயர்வால்கள் அதை மறுமொழி என்றே கொண்டு விடுகின்றன. அது கைகூடாத இடத்தில் இடைநிலைச் சர்வர் ஒன்று பொட்டலத்தைக் கைமாற்றிவிடும். உள்ளே இருப்பதை அது படிக்க இயலாது. 2013இன் இறுதியில் வெளிவந்த சிங்க்திங் என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வாறே இயங்குகிறது. இணைப்பில் ஐபிவி6 இருந்தால் இன்னும் எளிது: கணினிக்கே உலகறிந்த முகவரி கிடைக்கிறது, ரவுட்டரில் ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும். ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆய்வு முறையியல் வகுப்புகளில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

மேகச் சேமிப்பின் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டுக் கணினி திருட்டுப் போகலாம், மின்தடையில் அணையலாம். ஒத்திசைவு காப்புப்படி ஆகாது என்பதும் பலருக்குப் பட்ட பின்புதான் தெரிகிறது: கைப்பேசியில் அழித்தது கணினியிலும் அழியும். பழைய பதிப்புகளைத் தக்கவைக்கும் அமைப்பை முதல் நாளே இயக்க வேண்டும். தன்னார்வலரின் உழைப்பை நம்புவதிலும் இடர் உண்டு. சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுபோனது, பிறர் கிளைத்தெடுத்த வடிவங்களே தொடர்கின்றன. மறுபுறம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும். விலையின்றித் தரப்படும் 15 ஜிபி ஒரு வாரக் களப்பணிக்குக்கூடப் போதாது. ஆகவே ஆய்வுதவித்தொகையிலிருந்து மாத வாடகையும் போகிறது.

இதே பெங்களூரில்தான், 2001இல், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் பொறியாளர்களும் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியின் முன்மாதிரியைக் காட்டினார்கள். லினக்ஸில் இயங்கிய அது கன்னடம், இந்தி, தமிழ் ஆகியவற்றைக் கையாண்டது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா என்ற பெயருடன் விற்பனைக்கு வந்து, சந்தையில் தோற்றது. தோல்வியைப் பற்றிப் பேசுவோர் அதன் ஸ்மார்ட் கார்டைப் பற்றிப் பேசுவதில்லை. கருவி ஊருக்குப் பொது. ஒவ்வொருவரின் தகவலும் அவரவர் அட்டையில், அவரவர் சட்டைப்பையில். தரவு யாரிடம் இருக்கும் என்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நகரத்து ஆய்வாளர் கையில் அதைவிடப் பன்மடங்கு வலிய கருவி இருக்கிறது, அந்தக் கேள்விதான் இல்லை.

மொழியியல் துறை ஒவ்வொன்றும் ஒரு சிறு சர்வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பழைய கணினியும் இரண்டு வட்டுகளும் போதும். அதற்கு வளாக ஃபயர்வாலில் ஒரு போர்ட்டும் நிலையான ஒரு முகவரியும் வேண்டும். கணினிப் பிரிவு "பாதுகாப்புக் காரணங்களால் இயலாது" என்று மறுக்கும். அப்போது துறைத்தலைவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது அந்தப் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்று கணினிப் பிரிவுக்குத் தெரியுமா?