பதவி ஏணி நின்றது ஏன்?
கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகத்தின் இன்றைய நிலை

வத்திராயிருப்பு வட்டாரத்தில் நெல்லும் தென்னையும்தான் பிழைப்பு. பிளவக்கல் அணையில் தண்ணீர் இருந்தால் கையில் காசு இருக்கும். இல்லாவிட்டால் கடன்தான். இந்த நிச்சயமில்லாத பிழைப்பு பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று பெற்றோர் நினைத்தார்கள். பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கலசலிங்கம் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றால், மேற்கொண்டு விசாரிக்காமலே பெண் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது வீட்டில் வேறு கேள்வி கேட்கிறார்கள். "பதினைந்து வருஷமாக உழைக்கிறான். ஏன் மேலே போகவில்லை?"

குறை பையனிடமா, கம்பெனியிடமா?

வளர்ந்தபோது பதவி வந்தது

காக்னிசன்ட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1994-ல் சென்னையில் பிறந்த கம்பெனி அது. அமெரிக்காவின் டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் என்ற நிறுவனம் அதைத் தொடங்கியது. 2010 முடிவில் அதில் சுமார் 1 லட்சத்து 4 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆறே வருஷத்தில், 2016 முடிவில், அது 2 லட்சத்து 60 ஆயிரம் ஆயிற்று. அடுத்த எட்டு வருஷத்தில் என்ன ஆயிற்று? 2024 முடிவில் சுமார் 3 லட்சத்து 37 ஆயிரம். முதலில் இரண்டரை மடங்கு. பிறகு ஒன்றே கால் மடங்குக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பத்துப் பேர் வந்தால்தான் புதிதாக ஒரு தலைவர் பதவி உண்டாகும். ஆள் சேர்ப்பது குறைந்தால், மேலே இருப்பவர் நகர மாட்டார். கீழே இருப்பவர் ஏற முடியாது. 2010-க்கு முன் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த வேகம் பின்னால் வந்தவர்களுக்கு இல்லாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. கூட்டல் கணக்குதான் காரணம்.

தலைமை தடுமாறியது

வளர்ச்சி மந்தமாகும்போதுதான் நல்ல தலைமை தேவை. ஆனால் நடந்தது வேறு. 2016-ல் எலியட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் காக்னிசன்ட்டின் பங்குகளை வாங்கியது. லாபத்தைக் கூட்டு, பங்குதாரருக்குப் பணம் கொடு என்று நெருக்கியது. 2017-ல் கம்பெனி இணங்கியது. இரண்டு வருஷத்தில் 340 கோடி டாலரைப் பங்குதாரருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. அதே வருஷம் மூத்த அதிகாரிகளிடம், பணம் வாங்கிக்கொண்டு விருப்ப ஓய்வில் போகலாம் என்றது. பங்குதாரருக்கு ஒரு கை, அனுபவசாலிக்கு இன்னொரு கை!

இதற்கிடையே சென்னையில் கட்டடம் கட்ட அனுமதி பெறுவதில் லஞ்ச விவகாரம் கிளம்பியது. 2019-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் கட்டிக் கம்பெனி தன் மீதான வழக்கை முடித்துக்கொண்டது.

2019 ஏப்ரலில் வெளியிலிருந்து பிரையன் ஹம்ப்ரீஸ் தலைவராக வந்தார். அக்டோபரில், நடுத்தர, மூத்த பதவிகளில் இருக்கும் 10 முதல் 12 ஆயிரம் பேரை அந்த வேலையிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தார். சுமார் 5 ஆயிரம் பேருக்கு மட்டும் வேறு வேலை தரப்படும் என்றார். 2021-ல் ஊழியர்கள் தாங்களாகவே விலக ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் வருஷக் கணக்குப்படி நூற்றுக்கு 33 பேர்! மற்றக் கம்பெனிகளிலும் அப்போது ஓட்டம் இருந்தது உண்மை. ஆனாலும் இது அதிகம். 2023 ஜனவரியில் ஹம்ப்ரீஸ் மாற்றப்பட்டு ரவிக்குமார் வந்தார். அதற்குப் பின் ஓட்டம் குறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. டாட்டாவின் டி.சி.எஸ். கம்பெனி 2025 ஜூலையில் சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அதிலும் அடி விழுந்தது பெரும்பாலும் நடுப்படியிலும் மேல்படியிலும் இருந்தவர்கள் மேல்தான். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலிருக்கும் பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் ஒன்றாகச் சேரும் வயது அது.

சம்பளமும் பவுனும்

புதிதாகச் சேருபவருக்கு 2010 வாக்கில் வருஷத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். இன்றும் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆரம்பச் சம்பளம் 3, 3½ லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2010 முடிவில் ஒரு பவுன் 15 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 முடிவில் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

சட்டம் உண்டா?

உண்டு. 2015 ஜனவரியில், டி.சி.எஸ். நீக்கிய ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. கம்ப்யூட்டர் ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசு தெளிவாக்கியது.

ஆனால் சங்கத்தில் சேருவோர் குறைவு. காரணம் பயம். அடுத்த கம்பெனியில் சேர, பழைய கம்பெனி தரும் விடுவிப்புக் கடிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது மேலதிகாரி. "நீங்களாகவே ராஜிநாமா எழுதிக் கொடுங்கள்" என்று கூப்பிட்டுச் சொன்னால், பலர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கில் அது 'தானாக விலகியது' என்று பதிவாகிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு விஷயம் தெரிய மாதங்கள் ஆகின்றன.