ஏரிக்கரையில் ஒரு நாள் - அதுவும் நமது உரிமையே!

"ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கொடைக்கானல் போய் வரலாமே" என்று மில் சங்கத்திலோ விவசாயத் தொழிலாளர் சங்கத்திலோ ஒரு தோழர் பேச்செடுத்தால், உடனே இரண்டு ஆட்சேபங்கள் கிளம்புகின்றன. "கூலி உயர்வுக்குப் போராடும் நேரத்தில் உல்லாசப் பிரயாணம் ஒரு கேடா?" என்பது ஒன்று. "அது பணக்காரர்கள் போகிற ஊர், நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

முதல் ஆட்சேபத்தை எடுத்துக் கொள்வோம். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்காக. இதுதானே மே தினத்தின் கோஷம்? 1923 மே 1 அன்று தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடியபோது, அவர் கூலியை மட்டுமா கேட்டார்? தொழிலாளி மனிதனாக வாழ நேரமும் வேண்டும் என்றுதான் கேட்டார். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது. அது எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. வேலை நிறுத்தங்களும் தடியடிகளும் சிறைவாசங்களும் அந்த ஒரு நாளின் விலை.

அந்த நேரத்தைப் பறிக்கும் முயற்சி ஓய்ந்துவிடவும் இல்லை. 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. ஓய்வு நேரம் அற்பமானது என்றால் முதலாளிகள் அதன் மீது ஏன் கண் வைக்கிறார்கள்? ஓய்வைச் சரியாகப் பயன்படுத்தும் தொழிலாளிதான் அதைக் காக்கவும் போராடுவான்.

இரண்டாவது ஆட்சேபம், "அது பணக்காரர் ஊர்" என்பது. அப்படியா? கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதல்ல. 1863இல் மதுரைக் கலெக்டர் லெவின்ஜ் துரையின் முயற்சியால் மூன்று ஓடைகளை மறித்து அணை போட்டு உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். துரையின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மண் வெட்டியவன், கல் சுமந்தவன் பெயர் எங்கே?

வண்டிச் சாலை திறக்கும் வரை துரைமார்களும் அவர்களுடைய சீமாட்டிகளும் எப்படி மலை ஏறினார்கள்? அடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து போனார்கள். தூக்கிச் சென்றவை நம் முன்னோர்களின் தோள்கள். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயரே 'கூலி காட்'! 1890இல் ஏரியில் படகுக் கிளப் அமைத்தார்கள். 1932இல்தான், அதுவும் தற்காலிக அங்கத்தினர் என்ற பெயரில், பொதுமக்களுக்கு அதன் கதவு திறந்தது. அந்த மலையின் ஆதிக்குடிகளான பளியர்களும் புலையர்களும் ஏரிக்கரையில் அன்னியரானார்கள். ஆகவே தோழர்களே, நாம் அங்கே போவது விருந்தாளியாக அல்ல. நம் உழைப்பு உண்டாக்கிய இடத்துக்கே போகிறோம்.

அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் கூடாது. 1980களில் அமெரிக்காவிலிருந்து பழைய யந்திரங்களுடன் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இந்த ஊருக்கு வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்குப் போனது. பாதரசம் விஷம் என்பது கம்பெனிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஜனங்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. ஏரியின் தண்ணீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகளின் ஆய்வு காட்டியது. தொழிலாளரின் நோய்க்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்றே கம்பெனி சாதித்து வந்தது. முன்னாள் தொழிலாளர்கள் விடாமல் போராடினார்கள். 2016இல், ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு, 591 பேருக்கு உதவித்தொகை தரும் உடன்பாட்டுக்குக் கம்பெனி வந்தது. பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கும் மில் தொழிலாளியும், பூச்சி மருந்து தெளிக்கும் வயல் தொழிலாளியும் இந்தக் கதையை அந்த ஏரிக்கரையில் நின்று கேட்க வேண்டும்.

சரி, எப்படிப் போவது? திண்டுக்கல்லிலிருந்து சுமார் 95 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று, மூன்றரை மணி நேரம். விடியுமுன் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஏரிக்கரை. மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் இரவு வீடு. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் நெரியும், எல்லாம் விலை ஏறும், அம்மாதங்களைத் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையையும் தவிருங்கள். நெரிசலைக் கட்டுப்படுத்த, வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது அமுலுக்கு வந்தது. சர்க்கார் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வேன் அமர்த்துவதானால் பாஸ் வாங்கும் பொறுப்பை ஒரு தோழரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள்.

பணம்? வாரம் 20 ரூபாய் சங்கத்தில் கட்டினால் 26 வாரத்தில் 520 ரூபாய் சேரும். கட்ட முடியாத குடும்பத்துக்குச் சங்கம் கை கொடுக்கட்டும். முதலாளி செலவில் போகும் சுற்றுலா வேண்டாம். இன்று பஸ் அமர்த்திக் கொடுப்பவர் நாளை போனஸ் பேச்சில் அதைக் கணக்குக் காட்டுவார். நாள் குறிக்கும்போது மில்லின் ஷிப்டை மட்டும் பார்க்காதீர்கள். விவசாயத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை ஏது? வேலைக்குப் போகாத நாள் அவனுக்குக் கூலியில்லாத நாள். வயலில் வேலை ஓய்ந்திருக்கும் நாளைக் குறித்தால் அவனும் வருவான். கட்டுச்சோறு கொண்டு போய், எந்தச் சேரி, எந்தத் தெரு என்று பாராமல் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். ஆயிரம் பிரசங்கம் செய்யாத வேலையை அந்த ஒரு பந்தி செய்யும்.

பெண்கள் வராத பிரயாணம் பாதிப் பிரயாணம்தான். அவர்களுக்கு ஞாயிறும் அடுப்படி வேலை நாளே. அன்றைக்குச் சோறு கட்டும் வேலையை ஆண்களும் பங்கு போட்டுக் கொள்ளட்டும். மில் விடுதிகளில் உள்ள இளம் பெண்களையும் மறக்கக் கூடாது. திண்டுக்கல் வட்டார நூற்பு மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் சேர்க்கப்பட்ட பெண்கள், விடுதி வாசலைத் தாண்டவே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. மேற்கே மலை தெரிகிறது, போக வழியில்லை! விடுமுறை நாளில் தன் இஷ்டம் போல் வெளியே போய்வரும் உரிமையைக் கேளாமல், விடுமுறை உரிமையைப் பற்றி நாம் பேசுவதில் அர்த்தமில்லை.

இன்னும் ஒன்று. அங்கே குதிரை பிடிப்பவரும், சோளம் சுடும் அம்மாவும், குப்பை அள்ளும் துப்புரவுத் தொழிலாளியும் நம் வர்க்கத்தார். அவர்களிடம் ஈவிரக்கமில்லாமல் பேரம் பேசாதீர்கள். அவர்களுடைய கூலி என்ன, சங்கம் உண்டா என்று விசாரியுங்கள். பிளாஸ்டிக்கையும் புட்டியையும் விட்டுவிட்டு வராதீர்கள். நாம் எறிவதைக் குனிந்து பொறுக்குவது நம்மில் ஒருவரே.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் சேருங்கள். தேதி குறியுங்கள், பெயர் எழுதுங்கள், பணம் கட்டத் தொடங்குங்கள். ரொட்டிக்காகப் போராடும் கைகளுக்கு ஏரிக் காற்றும் சொந்தம்தான்!