"வயசாச்சு, எலும்பு உடையத்தான் செய்யும்" என்பது வைத்தியம் இல்லை, கைகழுவல்

1/ பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலையில எலும்பு டாக்டரா உட்கார்ந்து பாருங்க. 14 கிலோமீட்டர் கிரிவலத்துல தடுக்கி, கையை ஊன்றி விழுந்த ஒரு அம்மாவாவது வீங்கின மணிக்கட்டோட வருவாங்க.

2/ எக்ஸ்ரே, மாவுக்கட்டு, கால்சியம் மாத்திரை, "ஆறு வாரம் கழிச்சு வாங்க". அவ்வளவுதான். நடக்கும்போது விழுந்ததுக்கே எலும்பு ஏன் உடையணும்? யாரும் கேட்கிறதில்லை. கேட்டா "வயசாச்சும்மா". இதைச் சொல்றதுல எங்க டாக்டர் கூட்டமும் சேர்த்தி.

3/ எலும்பு கல்தூண் இல்லைங்க. பழசை அரிக்கிற செல்லும் புதுசைக் கட்டுற செல்லும் தினமும் அதுல வேலை செய்யுது. அரிக்கிறதை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்னதும் அது குறையும், அரிப்பு ஜெயிக்கும். அமெரிக்க டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட் இந்தத் தொடர்பை 1940களின் தொடக்கத்திலேயே சொல்லிட்டார்.

4/ உடைஞ்சது கூடறதுக்கும் இதே செல்கள்தான் வேணும். தைராய்டு கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை, வைட்டமின் டி குறைபாடு (டி உடம்புல ஹார்மோனாத்தான் வேலை செய்யுது) எதுவா இருந்தாலும் எலும்பு கூடறது தாமதமாகலாம். ஆட்டுக்கால் சூப் குடிங்க, தப்பில்லை. ஆனா அது ஹார்மோனைச் சரி பண்ணாது.

5/ எனக்குக் கோபம் வர்ற இடம் இது. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற பேர் தெரியாத "செட் மாத்திரை". அதுல பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். அதுவும் ஹார்மோன்தான். வலி பறந்துடும். மாசக்கணக்கா போட்டா, எலும்பைக் கட்டுற செல்லையே முடக்கும். எலும்பு உடையவும் வைக்கும், கூட விடாமலும் பண்ணும்.

6/ ஆனா ரொம்ப நாளா போடுறவங்க இதைப் படிச்சுட்டு சட்டுனு நிறுத்தாதீங்க. ஆபத்து. மாத்திரையோட டாக்டர்கிட்ட போங்க, படிப்படியா குறைப்பாங்க.

7/ 50 வயசைத் தாண்டின அம்மா லேசா விழுந்து கை உடைஞ்சா, கட்டோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. டாக்டரைக் கேளுங்க: "டெக்ஸா ஸ்கேன் வேணுமா? தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி பார்க்கலாமா? எலும்பு தேய்மானத்துக்கு மருந்து உண்டா?" மருந்து இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி கூட இருக்கு.

8/ ஒரு தடவை இப்படி உடைஞ்சவங்களுக்கு அடுத்த முறிவுக்கான ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னைக்கு மணிக்கட்டு, நாளைக்கு இடுப்பு. இடுப்பு உடைஞ்சு படுக்கையில விழுந்த அம்மாவைப் பார்த்த வீடுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்க இன்னைக்கே கேளுங்க.