ஆளறிந்து கோல் கொள்க

நம் திருவள்ளூர் மாவட்டத்திலே பனிக்கட்டியைக் காண விரும்புவோர் மீன் ஏற்றும் துறைக்குத்தான் செல்லல் வேண்டும். அங்ஙனமிருக்க, பனிமேல் நெடுந்தூரம் ஓடும் பந்தயத்திற்குச் சறுக்குப் பலகையும் கோலும் தெரிந்தெடுக்கும் முறையைப்பற்றித் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் எழுதப் புகுந்ததேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்தபின், சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றேன். பனியைப்பற்றிய இச்செய்தி கும்மிடிப்பூண்டிக்கும் உரியதென்பதே என் கருத்து.

சென்ற கோடை விடுமுறையில் எம் தெருவினராகிய போர்வீரர் ஒருவர் ஊர் திரும்பியிருந்தார். காசுமீரத்துக் குல்மார்க்கிலே, 1948-ஆம் ஆண்டிற் பனிச்சறுக்குப் பள்ளியாகத் தோன்றி இன்று உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாக விளங்கும் இடத்திற் பயின்றவர் அவர். மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் யாம் கூடுவது வழக்கம். "அண்ணா, பனிமேல் ஓட முதலிற் கற்பித்தது யாது?" என்று யான் வினவினேன். "ஓட்டமன்று, தம்பி, எனக்குரிய பலகை எது என்று அறிவதே முதற்பாடம்" என்றார். அவர் கூறியவற்றையும், பின்னர் யானே நூல்களிற் படித்தறிந்தவற்றையும் சுருங்கக் கூறுவேன்.

இவ்வோட்டம் இருவகைப்படும். பனியில் இழைத்த இரு தடங்களினூடே பலகைகளை ஒன்றற்கொன்று நேராகச் செலுத்தி ஓடுவது பழைய முறை. பலகைகளை இருபுறமும் விரித்து உதைத்து ஓடுவது 1980-களிற் பரவிய புதுமுறை. முன்னதற்குரிய பலகை, ஓடுவோன் உயரத்தினும் ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. மிகுந்திருக்கும், பின்னதற்குரியது 10 முதல் 15 செ.மீ. அளவே மிகுந்திருக்கும். ஆயினும் நீளத்தை மட்டும் நோக்குவோன் ஏமாறுவான். பலகை தட்டையானதன்று, நடுவே வில்போல் மேல்நோக்கி வளைந்தது. அவ்வில்லின் விறைப்பு ஓடுவோனது உடல் எடைக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

என்னை? பழைய முறையில் ஓடுவோன், ஒரு காலால் உதைக்கும்போது பலகையின் நடுப்பகுதி பனியிற் பதிந்து பற்றவேண்டும். இரு காலாலும் வழுக்கும்போது அப்பகுதி பனியைத் தொடாது உயர்ந்து நிற்கவேண்டும். பற்றுதற்குரிய மெழுகு அந்நடுப்பகுதியிலேதான் பூசப்படுகின்றது. எடை மிகுந்தவன் மெல்லிய பலகையை அணிந்தால் மெழுகு ஓயாது பனியில் இழுபட்டு ஓட்டத்தைத் தடுக்கும். எடை குறைந்தவன் விறைத்த பலகையை அணிந்தால் எத்துணை உதைத்தாலும் அது பற்றாது. ஏற்றத்திலே பின்னோக்கி வழுக்குவான். இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மட்டமான தரையில் இரு பலகைமீதும் சமமாக நின்றால், நடுவே செருகிய தாள் தடையின்றி முன்னும் பின்னும் நகரவேண்டும். ஒரு பலகைமீதே முழு எடையையும் வைத்தால், அத்தாள் அசையாது பிடிபடவேண்டும். விலை மிக்க பலகையேயாயினும் அத்தாளின் தீர்ப்பிற்குத் தப்பாது!

கோலின் செய்தியும் இத்தகையதே. பழைய முறைக்குக் கோல் தோளளவு வரும்; புதுமுறைக்கு மோவாய்க்கும் உதட்டிற்கும் இடையே வரும். நெடிய கோலால் ஊன்றித் தள்ளுவது மிகுந்த வேகம் தருவதைக் கண்ட சிலர், கால் உதைப்பையே கைவிட்டுக் கைவலியால் மட்டும் ஓடத் தலைப்பட்டனர். ஆதலின், பழைய முறைப் பந்தயத்திற் கோலின் நீளம் ஓடுவோன் பாதணியோடு நின்ற உயரத்தில் நூற்றுக்கு 83 பங்கிற்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சங்கத்தார் 2016–17 பருவத்தில் விதித்தனர். அங்ஙனம் அளக்க 170 செ.மீ. உள்ளவனுக்கு 141 செ.மீ. கோலே எல்லை. இவ்விதியின் அழகை நோக்குக: எல்லார்க்கும் ஒரே நீளம் என்று அவர்கள் விதித்திலர், எல்லார்க்கும் ஒரே விகிதம் என்றே விதித்தனர். நடுநிலைமை என்பது இதுவன்றோ?

பனியின் தன்மையும் நோக்கத்தக்கது. கடுங்குளிரில் இறுகிய பனிக்குப் பலகையின் அடிப்புறத்தில் நுண்ணிய வரிகளும், நீர் கசியும் பனிக்குப் பருத்த வரிகளும் வேண்டும். ஆதலின், பெரும்பந்தயத்தார் ஒரே பலகையை நம்பாது பலவற்றை வைத்திருந்து, அன்றைய பனியைச் சோதித்தே ஒன்றைக் கொள்கின்றனர். வினையின் வலியையும் தன் வலியையும் எடைபோட்டுச் செயலில் இறங்குக என வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதன் பொருள் எனக்கு இங்கே தெளிவாயிற்று.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்னும் பழமொழியை அவர்கள் உடனே எடுத்து வீசுவர். திறமையுடையோன் எக்கருவியாலும் வெல்வான் என்பர். அப்பழமொழி பொய்யென்று யான் கூறேன். ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாயிருப்பதும் உண்டு. கூடத்தை ஒருமுறையேனும் அளந்து பாராது ஆடுபவளைப் பழிப்பது அறமாகாது.

2006-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில், கனடா நாட்டுச் சாரா ரென்னர் என்பாரின் கோல் ஓட்டத்தின் நடுவே முறிந்தது. வழியில் நின்ற நார்வே நாட்டுப் பயிற்சியாளர் பியோர்னார் ஹோகென்ஸ்மூன் தம் கையிலிருந்த கோலை அவருக்கு ஈந்தார். அஃது அவர் கோலினும் நீண்டது. ஆயினும் அதனை ஊன்றியே அவர் ஓடினார். அவரும் அவர் துணைவியாரும் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். நார்வே நாட்டார் நான்காமிடத்தையே அடைந்தனர். கருவி முறிந்ததனால் ஒருவர் தோற்பின் அது தமக்கு வெற்றியாகாது என்பதை அப்பயிற்சியாளர் செயலாற் காட்டினார். ஆளோடு ஆள் பொருதல் வேண்டுமாயின், முதலிற் கருவி செம்மையாதல் வேண்டும்.

இனி நம் ஊர்க்கு வருவோம். என் தாய்வழிப் பாட்டனார் பழவேற்காட்டு ஏரியிற் படகு செலுத்தியவர். ஆழம் குறைந்த அவ்வேரியிலே துடுப்பினும் கோலே பெரிதும் பயன்படும். பனிக்கோலைப்பற்றி யான் கூறியபோது அவர் சிறிதும் வியந்திலர். "குட்டையனுக்கு நெட்டைக் கோலைக் கொடுத்தால் படகு சுற்றும், தண்ணீர் ஆழத்தையும் ஆளையும் பார்த்துத்தானே கோலை வெட்டவேண்டும்?" என்றார். ஐரோப்பியர் ஆய்ந்தறிந்ததை எம் பாட்டனார் சேற்றிலே ஊன்றி அறிந்திருந்தார்.

ஆனால், ஏரிக்கரையிலுள்ள இவ்வறிவு சில கல் தொலைவிலுள்ள தொழிற்பேட்டைக்கு இன்னும் சென்று சேர்ந்திலது. என் தமையனார் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தார். காவற்பாதணி எல்லார்க்கும் இரண்டே அளவில் வந்திருந்தது. அவருக்கு வாய்த்தது காலினும் பெரிது; முனையிற் துணியை அடைத்து அணிந்தார். ஒருநாள் படியில் இடறி வீழ்ந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் வீட்டிலிருந்தார். 'கவனக்குறைவு' என்று ஏட்டில் எழுதினராம். அப்பாதணியை எவரும் அளந்து பார்த்திலர். யானும் பள்ளியிற் பயின்றபோது, என் இடுப்பிற்கு மேல் வந்த வளைகோற்பந்து மட்டையைப் பிடித்து ஆடமாட்டாமல், சோம்பேறி என்னும் பெயர் பெற்றேன். அதனைப் பல்லாண்டு உண்மையென்றே நம்பினேன். இது சிறு துன்பமே. எனினும் என்னைப்போல் நம்பி ஆட்டத்தையே விட்டோர் எத்துணையர்!

பனியில்லா நாட்டார்க்குப் பனியோட்டம் ஏன் என்பாரும் அறிக: குடகு நாட்டிற் பிறந்த பவானி தெக்கட நஞ்சுண்ட என்னும் பெண்மணி 2024-இல் சிலி நாட்டிலே 5 கி.மீ. ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் ஊரிலும் பனி பெய்வதில்லை. பிறந்த ஊர் ஒருவரது எல்லையன்று. ஆள் எங்கும் உண்டு; ஆளுக்கேற்ற கருவி கிட்டுமோ என்பதே வினா.

ஆகவே யான் வேண்டுவன இரண்டு. விளையாட்டிற்குப் பொருள் செலவிடும் பள்ளிகளும் கல்லூரிகளும், ஒரே அளவில் இருபது மட்டை வாங்குவதை விடுத்து, ஆடுவோரை அளந்து பல அளவில் வாங்குக. பொற்பூச்சுக் கோப்பைக்குச் செலவிடும் பணத்திற் சிறிது குறைத்தால் இது கைகூடும். ஆலைகளில் ஆள் சேர்க்கும்போது, பெயரையும் ஊரையும் எழுதும் ஏட்டிலேயே காலளவையும் கையளவையும் எழுதுக. அதற்கு ஒரு நிமிடமும் ஓர் அளவுநாடாவும் போதும்.

நம் மொழியில் ஊன்றுவதும் கோல், அளப்பதும் கோல். ஒருவனை ஓடவில்லை என்று அளவுகோல் கொண்டு அளக்குமுன், அவன் கையிலுள்ள ஊன்றுகோலை ஒருமுறை அளந்து பார்ப்போமாக.