குருவின் இடத்தில் காதலன்

மர்மக் கதை படிப்போரை இழித்துரைக்கும் இலக்கியவாதிகளின் வரிசையில் நிற்பவன் அல்லன் நான். ஊருக்குச் செல்லும் நெடிய ரயில் பயணங்களில், நடைபாதைக் கடையில் வாங்கிய ஆங்கில நாவல்கள் பல எனக்கு வழித்துணையாக வந்துள்ளன. ஆதலின் நான் தொடுக்கும் வழக்கு மர்மக் கதையின் மீதன்று. அதன் ஒரு கிளையின் மீது. போலிக் குரு ஒருவனின் கூட்டத்துக்குள் குழந்தைப் பருவத்தைக் கழித்துத் தப்பிய பெண், வளர்ந்தபின் அந்தக் கடந்த காலத்தை எதிர்கொள்வதாக எழுதப்படும் காதல் மர்ம நாவல்களையே குறிப்பிடுகிறேன்.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பெயரை மாற்றிக்கொண்டு எங்கோ வாழும் தலைவிக்கு மொட்டைக் கடிதம் ஒன்று வரும். அவளோடு வளர்ந்த தோழி ஒருத்தி கொல்லப்பட்டிருப்பாள். அகன்ற தோளும் அடங்காச் சினமும் கொண்ட புலனாய்வு அதிகாரி ஒருவன் அவளைக் காக்க வந்து சேர்வான். 'வெளியே போகாதே, கேள்வி கேட்காதே, என்னை நம்பு' என்பான். அவள் மறுத்தால் ஆபத்தில் சிக்குவாள், பணிந்தால் பிழைப்பாள். கடைசி அத்தியாயத்தில் குரு வீழ்வான். தலைவி காவலனின் மார்பில் சாய்வாள். இருபது ஆண்டுக் கொடுங்கனவு ஒரே இரவில் கலைந்துபோகும்.

சற்றே எண்ணிப் பாருங்கள். கேள்வி கேட்காதே, என்னை நம்பு என்பவைதாமே அந்தக் குருவும் அவளுக்குக் கற்பித்த பாடம்? ஆள் மாறினான், பாடம் மாறவில்லை. ஒருவனுக்குப் பணிந்து கிடந்தவளை இன்னொருவனுக்குப் பணியச் செய்துவிட்டு, அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுகிறார்கள். இதுவே என் குற்றச்சாட்டு.

உண்மை வாழ்வில் இத்தகைய குழந்தைகளுக்கு நேர்வது என்ன? 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 28 முதல் 51 நாட்கள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகருக்கு அருகில் டேவிட் கொரேஷ் என்பவனின் குடியிருப்பை அரசுப் படைகள் முற்றுகையிட்டு நின்றன. ஏப்ரல் 19 அன்று மூண்ட தீயோடு முற்றுகை முடிந்தது; அன்று மாண்டோர் 70க்கும் மேற்பட்டோர். முற்றுகைக் காலத்தில் 21 குழந்தைகள் வெளியே அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களுக்குத் துணைநின்ற மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி, பின்னர் 2006இல் வெளிவந்த நூலொன்றில் தாம் கண்டவற்றைப் பதிவு செய்தார். ஓய்வாக இருக்கும்போதும் அப்பிள்ளைகளின் இதயம் இயல்பை மீறிய வேகத்தில் துடித்தது. நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை அப்படியே உண்பதா, ஜாமும் சேர்த்து உண்பதா என்று கேட்டபோது அவர்கள் குழம்பினர், சிலர் சினந்தனர். எதையும் தாமே தேர்ந்தெடுக்க அவர்கள் ஒருநாளும் விடப்பட்டதில்லை. குரு அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது, 'எனக்கு இது வேண்டும், இது வேண்டா' என்று சொல்லும் உரிமையை. அதை இழந்தவளுக்கு நாவலாசிரியர் வழங்குவதோ, அவளுக்காக எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும் ஒரு காதலனை!

இன்னொரு சான்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஈல்டன் ஏரிக்கரையில், ஆன் ஹாமில்டன் பைர்ன் என்னும் பெண்மணி பல பிள்ளைகளைத் தம் மக்கள் என்று சொல்லி வளர்த்தார். அவர்கள் தலைமயிருக்கு ஒரே பொன்னிறம் ஏற்றினார். ஒரே மாதிரி உடையணிவித்தார். பட்டினியும் அடியும் மருந்தும் தந்து அடக்கினார். 1987 ஆகஸ்டில் போலீசார் புகுந்து பிள்ளைகளை மீட்டனர். போலீசாரின் கண்களை அங்கே திருப்பியவர் யார்? அக்கூட்டத்திலேயே வளர்ந்து, எதிர்த்துப் பேசியதற்காக வெளியேற்றப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அகன்ற தோள் வீரன் எவனும் அங்கே வரவில்லை. தீர்ப்பாவது கதையில் வருவதுபோல் வந்ததா? 1993இல் அமெரிக்காவில் கைதாகித் திரும்பிக் கொணரப்பட்ட அப்பெண்மணிக்கு, பிள்ளைகளின் பிறப்பைப் பற்றிப் பொய் உறுதிமொழி அளித்த குற்றத்துக்காக, 1994இல் விதிக்கப்பட்டது 5,000 டாலர் அபராதம்! அவர் 2019 வரை வாழ்ந்து மறைந்தார். கொடியவர் கடைசிப் பக்கத்தில் வீழ்ந்தால்தான் காயம் ஆறும் என்று இக்கதைகள் கற்பிக்கின்றன. கொடியவர் வீழாதபோதும் வாழ்ந்து காட்டியவர்களுக்கு இவை சொல்லும் மறுமொழி யாது?

'பொழுதுபோக்குக் கதையிடம் இத்தனை கேட்கலாமா?' என்பர் சிலர். கேட்கலாம், இவ்வகை அதைத் தரவல்லது என்பதற்கு முன்னோடியே சான்று. 1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் அய்ர்' காதல் மர்ம நாவல்களின் தாய் எனத்தக்கது. அதில் வரும் லோவுட் பள்ளி குருவின் கூட்டம் அன்றுதான். ஆயினும் இறைவன் பெயரால் குழந்தைகளைப் பட்டினியிட்டு, ஒரு சிறுமியின் இயல்பான சுருள்முடியைக்கூடப் பாவமெனக் கத்தரிக்கச் சொல்லும் பிராக்கிள்ஹர்ஸ்ட் அங்கே உண்டு. அங்கு வளர்ந்த ஜேன், தன் உயிரினும் மேலாக நேசித்தவனைத் தன் மானத்தின் பொருட்டுப் பிரிகிறாள். இறைபணி என்று சொல்லி மணக்க அழைக்கும் சமய ஊழியரையும் மறுக்கிறாள். இறுதியில் காதலனிடம் திரும்பும்போது தன் செல்வத்தோடும் தன் முடிவோடும் திரும்புகிறாள். அவளை யாரும் மீட்கவில்லை, அவளே வந்தாள்.

நம் காலத்தில் ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி, 2009இலும் 2010இலும் மூன்று பாகங்களாக வந்த '1கியூ84' நாவலில் இவ்வழியில் சிறிது தூரம் நடந்தார். கண்டிப்பான சமயக் குழுவில் பிறந்த அவோமாமே, பத்து வயதில் வகுப்பறையில் டெங்கோவின் கையைப் பற்றியவள். அந்த ஒரு நொடியே அவள் ஆயுளின் பற்றுக்கோடு. அக்காதல் அவளுக்குக் கட்டளை இடவில்லை. ஆனால் அதே நாவல், இன்னொரு கூட்டத்தின் தலைவன் சிறுமியருக்கு இழைத்த தீங்கை மாய உலகின் நியதியாக்கி மங்கலாக்குகிறது. சாரின் நச்சுவாயுவால் தாக்குண்டோரை நேரில் கண்டு 1997இல் நூல் எழுதிய ஒருவர் இவ்வாறு செய்ததை என்னால் ஏற்க இயலவில்லை. குழந்தையின் துயருக்கு மாயப் போர்வை எதற்கு?

இத்துறையில் எழுதுவோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. கொலைஞன் யார் என்பது சிறிய மர்மம். பணிவுதான் அன்பு என்று பயிற்றப்பட்ட ஒருத்தி, தான் நேசிப்பவனிடம் முதன்முறையாக 'வேண்டா' என்று சொல்வாளா? சொன்னபின் அவன் என்ன செய்வான்? இதைவிடப் பெரிய மர்மம் எந்தத் துப்பறியும் கதையில் உண்டு? அந்தச் சொல்லைக் கேட்டும் முகம் சுளியாதவனே காதலன். சுளிப்பவன், உடை மாற்றி வந்த குரு.