மிளகுக் கிடங்கில் கலை, மறக்கலாமா சாப்பாவை?

மிளகும் இஞ்சியும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்த கொச்சிக் கிடங்குகளுக்கு நவீன ஓவியங்களும் சிற்பங்களும் மறுவாழ்வு தந்துள்ளன. சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய கொச்சி-முசிறி பியனாலே, 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது. 1867-ல் ஆங்கிலேய வணிகர் நிறுவிய ஆஸ்பின்வால் மாளிகை முதல் மட்டாஞ்சேரியின் ஆனந்த் கிடங்கு வரை கலைக்கூடங்களாயின.

முதல் கண்காட்சிக்கான அரசு நிதி குறித்து, ஆட்சி மாறியபோது சர்ச்சை எழுந்தது. ஆயினும், கேரளத்தில் இடது, வலது அணிகள் மாறி மாறி ஆண்டபோதும் அரசின் ஆதரவு நின்றுவிடவில்லை. கலைக்குப் பொதுப்பணம் செலவிடுவது வீண் என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல. ஆனால், பொதுப்பணம் பெறும் கண்காட்சிக்குப் பொதுக்கடமையும் உண்டு.

மட்டாஞ்சேரி வணிகர்களின் ஊர் மட்டுமல்ல. சுமை தூக்கியவர்களின் ஊரும்கூட. கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. வேலைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்ததாரரின் ஆள்கள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டி மோதி அதைக் கைப்பற்றியவருக்கே அன்று வேலை. மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது.

துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை ஒழுங்குபடுத்த 1948-லேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால், தில்லியில் இயற்றிய சட்டம் கொச்சியின் படகுத்துறைக்குச் சுலபத்தில் வந்து சேரவில்லை. சாப்பாவை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பர் 15-ல் போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அதிலும் தொடர்ந்த அடக்குமுறையிலும் சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய மூவர் பலியாயினர். 2023-ல் வெளியான ராஜீவ் ரவியின் 'துறமுகம்' திரைப்படம் இந்த வரலாற்றையே பேசியது.

2016 பியனாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா, ஆஸ்பின்வால் கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பிப் பார்வையாளர்களை அதில் நடக்கச் செய்தார். கடலில் மூழ்கி மாண்ட சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கு அப்படைப்பு காணிக்கையானது. எங்கோ மாண்ட அகதிச் சிறுவனுக்காகக் கண்ணீர் சிந்த முடிந்த கிடங்கில், அதே ஊரில் உயிர்நீத்த தொழிலாளிக்கும் நிரந்தர இடம் இருக்க வேண்டும். சில மாதங்களில் கலைப்படைப்புகள் அகற்றப்படும். கட்டடத்தின் கதை அகற்றப்படக் கூடாது. அந்தக் கதையை ஒவ்வொரு கிடங்கின் வாயிலிலும் எழுதிவைப்பது பெரிய செலவல்ல.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. திரு.வி.க. முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் உருவானதும், 1921 போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டைக் கண்டதும் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களால்தான். அந்த ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. கொச்சியில் கட்டடமாவது மிஞ்சியது. மிஞ்சிய கட்டடத்தில் உழைத்தவர் பெயரையும் மிஞ்சச் செய்வது, நிதி தரும் அரசின் பொறுப்பு.