நீச்சல் குளத்தில் யாரும் பார்க்காத மூடி

நீச்சல் குளம் உள்ள ஹோட்டல், கிளப், அபார்ட்மென்ட் எதன் விளம்பரத்தை எடுத்தாலும் படம் ஒன்றுதான். நீலத் தண்ணீர், வளைந்து இறங்கும் சறுக்கு, ராத்திரியில் தண்ணீருக்கடியில் எரியும் விளக்கு. குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. காசு கொடுத்து வருபவர்களும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும், அதுதான் விஷயமே.

அந்த மூடி எதற்கு? குளத்துத் தண்ணீர் தேங்கி நிற்பது போலத் தெரிந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பம்ப் அதை ஓரத்திலிருந்தும் அடி வடிகாலிலிருந்தும் உறிஞ்சி, ஃபில்டரில் விட்டு, குளோரின் கலந்து திரும்ப உள்ளே அனுப்புகிறது. ஒரே ஒரு வடிகால் மட்டும் இழுக்கிறது, அதையும் ஒருவர் உடம்பு அடைத்துவிட்டது என்றால்? பம்பின் மொத்த இழுப்பும் அந்த உடம்பின் மேல்தான்.

2002 ஜூனில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இதுதான் நடந்தது. வெந்நீர்த் தொட்டியில் இறங்கிய கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி வடிகாலில் சிக்கிக்கொண்டாள். அம்மா இழுத்துப் பார்த்தும் முடியவில்லை. பிறகு இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்து, மூடியே உடைந்த பிறகுதான் வெளியே எடுக்க முடிந்தது. அவள் பிழைக்கவில்லை.

அவள் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவளுடைய தாய் விடாமல் போராடினார். 2007 டிசம்பரில் சிறுமியின் பெயரிலேயே சட்டம் வந்தது, ஒரு வருடம் கழித்து அமலானது. உடம்பு ஒட்டிக்கொள்ளாதபடி அமைந்த மூடி பொதுக் குளங்களில் கட்டாயம் என்றது அந்தச் சட்டம். ஒற்றை வடிகால் என்றால், பம்ப் தானாக நிற்பது போன்ற இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். இவ்வளவு செல்வாக்குள்ள குடும்பத்துக்கே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

மூடி சரியாக இருந்தால் போதுமா? போதாது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2011 ஜூனில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரப் பொதுக் குளத்தில் ஒரு பெண் சறுக்கில் இறங்கினார், மேலே வரவில்லை. 12 அடி ஆழம், கலங்கிய தண்ணீர். அவர் உடல் அடியில் கிடப்பது இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் குளம் திறந்திருந்தது, மக்கள் நீந்தினார்கள். சறுக்கு ஒழுங்காக வேலை செய்தது, தண்ணீர்தான் ஒழுங்காக இல்லை.

'சறுக்கும் விளக்கும் இருந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தானே பராமரிக்கப் பணம் வரும்?' என்று குளம் நடத்துபவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். சறுக்கு வரவுப் பக்கம் தெரிகிறது. மூடி, ஃபில்டர், தண்ணீர் சோதனை எல்லாம் செலவுப் பக்கம் மட்டுமே தெரிகிறது. நடக்காமல் போன விபத்தை எந்தப் புத்தகத்திலும் வரவு வைக்க முடியாது. வியாபாரம் மந்தமான மாதத்தில் முதலில் கை வைப்பது எதில் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் இதை வரவுப் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் வாடிக்கையாளர்கள்தான். ஒரு நிமிடம் போதும். கரையில் நின்றால் அடியிலுள்ள மூடி தெளிவாகத் தெரிகிறதா? ஆழம் எத்தனை அடி என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதா? மிதவை வளையமும் நீளக் கம்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறதா? நீச்சல் தெரியாதவர்கூட அந்தக் கம்பை நீட்டி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இதில் ஒன்று குறைந்தாலும் டிக்கெட் வாங்காமல் திரும்பிவிடலாம். நாலு பேர் அப்படித் திரும்பினால் அடுத்த விளம்பரத்தில் அந்த மூடியின் படமும் வரும்.